முறைத் தண்ணீரை நகர்த்தும் உரிமை: பெரியாறு–வைகைப் பாசனத்தை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆண்டுதோறும் தண்ணீர் திறப்பைத் தீர்மானிக்கும் அதிகாரிகள், நீர்வளத் துறைப் பொறியாளர்கள், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மதுரை மாவட்டத்தில் கள்ளந்திரிக்குக் கீழே, மேலூர்ப் பக்கத்தில், ஆண்டுக்கு ஒரு போகத்துக்கு மட்டும் தண்ணீர் வரும் ஒருபோகப் பாசனப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு நிலம் கிடையாது. அப்பா இருந்தவரை எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்க்கட்டி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆகவே இந்த மடலில் பாதி அப்பாவிடம் கேட்டது, மீதி நானே கூட்டிக் கழித்துப் பார்த்தது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறைத் தண்ணீரை, அதாவது இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று விடும் தண்ணீரை, சில நாள் முன்னே பின்னே நகர்த்தும் அதிகாரத்தை, ஓர் எல்லை வகுத்து, மடைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கொடுங்கள். நகர்த்தியவர்கள் காரணத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அதனால் மிச்சப்படும் தண்ணீர் அதே கிளைக்குப் பின்னால் கிடைக்கட்டும். மூன்றும் சேர்ந்து வர வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் இப்போது இருப்பதைவிட மோசமாகப் போகும்.

தண்ணீர் திறப்புக்கான அரசாணையில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒருபோகப் பாசனம் பெரியாறு பிரதானக் கால்வாயில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கர், கூட்டினால் 1,05,002 ஏக்கர். வினாடிக்கு 1,130 கன அடி வீதம் முதல் 45 நாள் முழுமையாக, அடுத்த 75 நாள் முறை வைத்து, மொத்தம் 8,461 மில்லியன் கன அடி. வைகை அணையில் இருப்பு குறைந்த ஆண்டில் எண்கள் சுருங்கும். வார்ப்பு என்னவோ இதேதான். வினாடிக்கு 1,130 கன அடி என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 98 மில்லியன் கன அடி. முதல் 45 நாளில் 4,390 சொச்சம் போய்விடும். மிச்சம் இருப்பது 4,070க்குச் சற்றுக் குறைவு. அதே வேகத்தில் ஓடினால் அது சுமார் 42 நாளைக்குத்தான் வரும். ஆக, 'முறை வைத்து 75 நாள்' என்பதற்குள் ஒளிந்திருப்பது 42 நாள் தண்ணீரும் 33 நாள் அடைப்பும்.

முதல் 45 நாளில் தொளி உழவும் நாற்றும் நடவும் முடிந்துவிடும். அதில் பெரிய சிக்கல் இல்லை. தூர் கட்டி முடிவது, கதிர் உள்ளே உருவாகிப் பொதி கட்டுவது, கதிர் வெளிவருவது, பால் பிடிப்பது எல்லாம் அந்த 75 நாளுக்குள்தான் வருகின்றன. பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். பிற்பாடு எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த மகசூல் திரும்பாது. தூர் கட்டும்போது சில நாள் வயல் காய்ந்தால் பயிர் தாங்கிக்கொள்ளும். அப்படியானால் அடைக்கும் 33 நாள் எவை என்பது தண்ணீரின் மொத்த அளவுக்குச் சமமான கேள்வி. அதற்கு இப்போது பதில் சொல்வது, மழை வரும் முன்பே போடப்படும் ஒரு அட்டவணை.

வடகிழக்குப் பருவமழை அட்டவணை பார்த்து வருவதில்லை. அழகர்மலை அடிவாரத்தில் கொட்டித் தீர்க்கும் சாயங்காலத்தில் திருவாதவூரில் புழுதி பறக்கும். வெள்ளலூரில் வயல் நிறைந்து நிற்கும்போது பத்துக் கிலோமீட்டர் தள்ளி நாற்று கருகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியும் திட்டம் மட்டும் பாசனம் பெறும் ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே வானம் என்று நினைத்து எழுதப்படுகிறது.

நீர்க்கட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக வரும் இளம் பொறியாளர்கள் பலர், மடையைத் திறந்து மூடுகிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திறப்பதும் மூடுவதும் அவர் வேலையில் கடைசிப் பகுதி. கண்மாயில் நிற்கிற தண்ணீருக்கு இந்த வருடம் எந்த மடை வரைக்கும் நடலாம், எந்த மடை ஆயக்கட்டைத் தரிசாக விட வேண்டும் என்று அவர்தான் ஊருக்குச் சொல்வார். அடை மழையில் இரவெல்லாம் கரை மேல் நடப்பார். தலைமடைக்கும் கடைமடைக்கும் சண்டை வந்தால் நடுவில் நிற்பார். கூலி, அறுப்பு முடிந்ததும் ஏக்கருக்கு இத்தனை என்று அளக்கிற நெல். பெரும்பாலான ஊர்களில் அவருக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இராது. இல்லாததால்தான் நம்பினார்கள்: தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள அவருக்கு வயலே கிடையாது. பல ஊர்களில் அவர் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் குடியிருக்க வைக்கப்பட்டவர். ஊர்ப் பயிரின் உயிரை அவர் கையில் கொடுத்தார்கள். ஊர்க் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட்டதில்லை.

சட்டமும் அவருக்கு நாற்காலி போடவில்லை. விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம், 2000 என்று ஒன்று வந்தது. பாசனத்தை நடத்துவதில் விவசாயிகளுக்குப் பங்கு கொடுத்த நல்ல சட்டம். ஆனால் சங்கத்தில் உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் வேண்டும். நிலம் இல்லாததாலேயே நம்பப்பட்டவர், நிலம் இல்லாததாலேயே வெளியே நிற்கிறார்.

நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஐப்பசி. எங்கள் கிளைக் கால்வாய்க்கு முறை வந்த நாள். அதற்கு முந்தின சாயங்காலம் ஊருக்கு மேலே மேகமே இல்லை. அப்பா கண்மாய்க்குப் போகாமல் வரத்து ஓடை வழியாக மேற்கே வெகுதூரம் நடந்துபோய்விட்டு இருட்டிய பிறகு வந்தார். வந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் போய், "காலைல கால்வாய்த் தண்ணி நமக்கு வேணாம்னு சொல்லிருங்கய்யா. பின்னாடி வாங்கிக்கலாம்" என்றார்.

"என்னடா பேசுற? முறைத் தண்ணிய எவனாவது வேணாம்பானா?" என்றார் ஒருவர். அப்பாவைவிட வயதில் சின்னவர்.

"மேலக் கண்மாய் விடியக்காலம் மறுகால் போயிருமுங்கய்யா. அதுவும் வந்து இதுவும் வந்தா நம்ம கரை தாங்காது. தாங்கினாலும் தண்ணி நிக்காது."

மறுகால் என்றால் கண்மாய் நிரம்பி வழிவது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா விடாமல் கால்வாய் ஷட்டருக்குப் பொறுப்பான ஊழியரிடமும் போய்ச் சொன்னார். அவர் நல்ல மனிதர். அப்பா சொன்னதை நம்பவும் செய்தார். "உண்மையா இருக்கும்யா. ஆனா அடைச்சேன்னா நாளைக்கு எனக்கு மெமோ வரும். திறந்து வச்சா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் இரண்டு தண்ணீரும் சேர்ந்து வந்தது. கரை தப்பித்தது, ஆனால் உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழியாகப் பகல் முழுக்க ஓடியது கால்வாய்த் தண்ணீர்தான் என்று சொல்ல வேண்டும். கீழ்க் கண்மாய்களும் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் அது யாருக்கும் பயன்படாமல் ஓடையில் போனது. கண்மாயில் தேங்கியது நடவையும் தூரையும் பார்த்துக்கொண்டது. பொதிப் பருவத்தில் மழை நின்றுபோய்த் தண்ணீர் கேட்டபோது, எங்கள் கிளைக்கு உரிய நாள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. ஓடையில் போன தண்ணீர் எங்கள் கணக்கில் பற்று எழுதப்பட்டிருந்தது.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். எறும்பு முட்டை தூக்கியது, தட்டான் தாழப் பறந்தது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வானொலியில் வேளாண் நிகழ்ச்சி கேட்டு வளர்ந்த பிள்ளை நான். அவர் சொன்னது வேறு. ஓடைத் தண்ணீர் செந்நிறமாக வந்தது. மலையடிவாரச் செவல் காட்டில் பலத்த மழை பெய்தால்தான் அந்த நிறம் வரும், பக்கத்துப் பொட்டலில் பெய்தால் சாம்பல் நிறம் கலந்து வரும். நுரையோடு சருகும் சுள்ளியும் மிதந்தன. ஓடை முதல் தடவையாகக் கரை தொட்டு ஓடும்போதுதான் அவற்றை அள்ளிக்கொண்டு வரும். மேலக் கண்மாயின் கலிங்குக் கல்லில் ஈரக்கோடு, அவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மூன்றையும் சேர்த்தால் விடியலுக்கு முன் மறுகால் என்று வந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. எழுதி வைத்தால் எந்த உதவிப் பொறியாளருக்கும் புரியும்.

சொல்ல முடியாததும் சில இருந்தன. மடைக் குழாய்க்கு மேலே வெறுங்காலோடு நின்றுவிட்டு, "உள்ள ஏதோ அடைச்சிருக்கு" என்பார். எப்படி என்றால், "காலுக்குத் தெரியுது" என்பதற்கு மேல் பதில் வராது. கரையின் வெளிப்புற அடிவாரத்தில் கசிவு கண்டால் கையில் ஏந்திப் பார்ப்பார். தெளிந்த நீராக இருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கலங்கலாக இருந்தால் அந்த இரவே ஊரை எழுப்பி மண் மூட்டை கொண்டுவரச் சொல்வார். கலங்கல் கசிவு என்றால் கரையின் உள்மண் கரைந்து வருகிறது என்று பொருள். பொறியியல் படிப்பிலும் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இந்த மாதிரி உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெகுகாலம் எதிரெதிராக நின்றார்கள். கேரி கிளைன் 1980களில் அமெரிக்கத் தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் பேசிப் பார்த்தார். நெருப்புக்கு முன்னால் நிற்பவர்கள் பல வழிகளை அருகருகே வைத்து எடைபோடுவதில்லை. இது எந்த மாதிரி நெருப்பு என்று அடையாளம் காண்கிறார்கள், முதலில் தோன்றும் வழியை மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள், இடறவில்லை என்றால் இறங்கிவிடுகிறார்கள், இடறினால் மாற்றிக்கொள்கிறார்கள். டேனியல் கானமன் இதற்கு மறுகரையில் இருந்தவர். மனிதர்களின் ஊகம் எங்கெல்லாம் தவறுகிறது என்று காட்டியே பெயர் பெற்றவர். இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டையாக முடியும் என்று எதிர்பார்க்கப்பட்டது உடன்பாட்டில் முடிந்தது. ஒருவருடைய உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அவர் வேலை செய்யும் இடத்தில் காரணத்துக்கும் விளைவுக்கும் ஒழுங்கான தொடர்பு இருக்க வேண்டும், அந்தத் தொடர்பை அவர் திரும்பத் திரும்பப் பார்த்து, தன் ஊகம் சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்து பழகியிருக்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்தே சொன்னார்கள்: எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது அவர் சரி என்பதற்குச் சான்று ஆகாது. நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக் கொடுக்கலாம்.

ஒரு கண்மாய் இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துகிறது. அதே ஓடை, அதே கலிங்கு, அதே கரை. இரவில் சொன்னது சரியா என்று காலையில் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு பருவம், அந்தப் பருவத்துக்குள் பல மழை. அப்பாவின் தொழில் அறிவு அங்கே விளைந்தது. ஆனால் அதே அப்பாவிடம் 'இந்த வருடம் மழை எப்படி?' என்று தையில் கேட்டிருந்தால், அவர் பதிலுக்கும் பேருந்து நிலையத்தில் நிற்கும் யாருடைய பதிலுக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. ஆண்டுக்கு ஒரே ஒரு விடை கிடைக்கும் கேள்வியில் யாரும் கைதேர முடியாது.

அதனால் பழையவர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்ற பாட்டைப் பாட நான் வரவில்லை. கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை என்று சொல்லித்தான் எங்கள் பக்கத்தில் கலிங்குக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். இனி வெள்ளம் வராது, கூடுதலாகத் தேக்கலாம் என்பது கணக்கு. 2023இல் கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17இல், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்யத் தொடங்கிய மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. எத்தனையோ தலைமுறை பார்த்துச் சொன்ன சொல், ஒரு நாள் தள்ளிப் பொய்த்தது. அந்த மேகம் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தால் பலகை வைத்த கலிங்குகள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

2024 அக்டோபர் 25ஐ மதுரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். ஒரே பிற்பகலில் ஏறத்தாழ 10 செ.மீ. மழை, செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். அன்று எந்த அனுபவசாலியின் கணக்கும் செல்லவில்லை. மழையின் வேகம் ஒரு காரணம். மழை விழுந்த நிலமே மாறிப்போனது இன்னொரு காரணம். அப்பாவின் கணக்கு 'ஓடை கரை தொட்டால் இத்தனை நேரத்தில் கண்மாய்க்கு வரும்' என்பது. அந்த ஓடையை நான்குவழிச் சாலை குறுக்கே வெட்டி, சிறு பாலத்துக்குள் நுழைத்து, அந்தப் பக்கம் மனைகள் போட்டு, தரையைச் சிமெண்டால் மூடிவிட்டால் அந்த நேரக்கணக்கு செத்துப்போகிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டியவர்கள் கண்மாய்களையும் வாய்க்கால்களையும் என்ன பாடு படுத்தினார்கள் என்பது 2014இல் உயர் நீதிமன்றம் நியமித்த சகாயம் விசாரணையில் ஊரறிய வந்த கதை. ஆக்கிரமிப்பு என்றதும் காணாமல்போன தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த வாய்க்காலைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவும் கூடவே செல்லாக்காசாகிவிட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. புதிய நிலத்தில் நீர்க்கட்டியும் புதிதாகத்தான் பழக வேண்டும்.

அணை மதகு விஷயத்தில் நான் விதியின் பக்கம். வைகை அணையில் தேக்கக்கூடிய உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது என்று வைத்திருப்பதை யாருடைய அனுபவத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. பெருவெள்ளம் ஒருவருடைய பணிக்காலத்தில் ஒன்றிரண்டு முறைதான் வரும். அதில் பழகித் தேர்ந்தவர் என்று யாரும் இருக்க முடியாது, தவறினால் ஆற்றோரத்து ஊர்கள் போகும். நான் கேட்கிற நெகிழ்வு, கிளைக் கால்வாய் ஷட்டருக்கும் கண்மாய் மடைக்கும் மட்டும்.

இனி விஷயத்தின் முடிச்சுக்கு வருகிறேன். இன்றைக்கு 'எங்களுக்கு இப்போது வேண்டாம்' என்று சொல்கிற ஊர் அந்தத் தண்ணீரை இழக்கிறது. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் பற்று எழுதப்படும். அப்படி இருக்கும்போது எந்த ஊரும் வேண்டாம் என்று சொல்லாது. எந்த நீர்க்கட்டி சொன்னாலும் கேட்காது. அன்று அப்பாவைத் திட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இருக்கிற ஏற்பாட்டில் அவர்கள் நடந்துகொண்டதுதான் புத்திசாலித்தனம். நிலைமையை நன்றாகப் படிக்கத் தெரிந்தவரின் வாயை அடைப்பது அறியாமை என்று சொல்லிவிட முடியாது. நாம் எழுதும் கணக்கு அப்படி அடைக்கச் சொல்கிறது. சீட்டுக் கம்பெனியில் கட்டிய பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே அடுத்த தவணை கட்டுவோம்? ஒரு கிளை தன் முறையை ஒத்திவைத்தால், அந்த அளவு அதன் பெயரில் வரவு வைக்கப்பட்டு, பொதிப் பருவத்தில் கேட்டபோது கிடைக்க வேண்டும்.

இதில் பொய்யான வாக்கு கொடுக்கவும் கூடாது. ஒத்திவைத்த தண்ணீர் அணையிலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அணை நிரம்பி உபரி திறந்துவிட்டால் அந்த வரவு அழிந்துபோகும். அது தெரிந்தே ஊர் முடிவெடுக்கட்டும். ஆவியாகிப் போவதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். முழுசாக வராது, முக்கால் வரும் என்று முன்கூட்டியே சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

'அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் செல்வாக்குள்ளவன் பிடித்துக்கொள்வான்' என்பீர்கள். நியாயமான பயம். தலைமடைக்காரர் 'மழை வரும் போலிருக்கிறது' என்று கடைமடையின் நாளை நகர்த்தப் பார்ப்பார். அதற்கு ஒரே வழி, முறையை மாற்றும் குறிப்பில் மூன்று கையெழுத்து: பிரிவுப் பொறியாளர், நீர்க்கட்டி, அந்தக் கிளையின் கடைமடை விவசாயி ஒருவர். கடைமடைக்காரர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகரக் கூடாது. தண்ணீர் வராவிட்டால் முதலில் சாகும் பயிர் அவருடையது. ஏமாற்றுக் காரணத்துக்கு அவர் ஒப்ப மாட்டார். ஒத்திவைப்புக்கு ஐந்து நாள், ஒரு வாரம் என்று ஓர் உச்சவரம்பும் வைத்துவிடுங்கள்.

பொறியாளர்களின் பயம் வேறு மாதிரியானது. ஆணைப்படி திறந்து தண்ணீர் வீணாகப் போனால் கேள்வி இல்லை. யோசித்து அடைத்து அது தவறிப்போனால் தணிக்கை, மெமோ, விளக்கம். இந்த நிலைமையில் எந்த மனிதரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார். அந்த ஷட்டர் ஊழியர் அன்று அப்பாவிடம் சொன்னது இன்றும் உங்கள் பிரிவு அலுவலகங்களில் சொல்லப்படாமல் இருக்காது. காரணம் எழுதி, மூன்று பேர் கையெழுத்திட்டு, எல்லைக்குள் எடுத்த முடிவு பொய்த்தாலும் அதற்காக யாரையும் தண்டிக்க முடியாது என்று ஆணையிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

நோட்டுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அப்பா தேர்ந்தவர் ஆனது, அவர் ஊகத்தின் பலனைக் காலையில் கண்ணால் பார்த்ததால். மதுரையில் உட்கார்ந்து அட்டவணை போடுபவருக்கு அந்தப் பலன் ஒருபோதும் திரும்பி வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டில் மாறுதலாகிப் போய்விடுவார், அடுத்தவர் பழைய கோப்பை எடுத்து அதே வரிகளைப் போடுவார். ஒவ்வொரு நோட்டிலும் 'இன்ன அறிகுறி பார்த்தோம், இன்னது நடக்கும் என்று நினைத்தோம், இன்னது நடந்தது' என்று மூன்று பத்தி இருந்தால், மாசியில் ஒரு நாள் உட்கார்ந்து எல்லா நோட்டையும் வாசிக்கலாம். யார் சொன்னது அடிக்கடி சரியாக வருகிறது, எந்த அறிகுறி இப்போது செல்லுபடியாகவில்லை என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் க்ளென் கேன்யன் அணையில் 1996இல், கரையோர மணல் திட்டுகளை மீட்க ஒரு வாரம் செயற்கை வெள்ளம் திறந்து பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி முழுதாக அமையவில்லை. ஏன் என்று அளந்து பார்த்து, கிளையாறு புது மணல் கொண்டுவந்து சேர்த்த பிறகு திறந்தால்தான் பலன் என்று கண்டு, பிந்தைய திறப்புகளை அதற்கேற்ப மாற்றினார்கள். அவர்களுக்குக் கருவியும் பணமும் உண்டு. நமக்கு நோட்டும் பேனாவும் உண்டு. குறைந்தபட்சம் அதிலாவது தொடங்கலாம்.

தானியங்கி நீர்மட்டக் கருவிகள், செயற்கைக்கோள் படம், வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பு எல்லாம் வரட்டும். அப்பா இருந்திருந்தால் ரேடார் படத்தைப் பார்த்து முதலில் மகிழ்ந்திருப்பார். மேற்கே நடக்க வேண்டிய தூரம் மிச்சம். கருவி தரும் எண்ணை நீர்க்கட்டியின் செல்போனுக்கும் அனுப்புங்கள் என்பதுதான் என் கோரிக்கை. எண் மேலே மட்டும் போகும், உத்தரவு கீழே மட்டும் வரும் என்று இருந்தால், கருவி வந்த பிறகும் மடையில் நிற்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

சங்கத் தலைவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. முறை ஒரு நாள் தள்ளினால் ராத்திரியே சட்டமன்ற உறுப்பினருக்குப் போன் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதிகாரி விறைப்பாக இருப்பதற்கு அதுவும் காரணம். 120 நாள் தண்ணீருக்கு 145 நாள் பி.பி.டி. நெல்லை நட்டுவிட்டுக் கடைசி மாதம் சாலை மறியல் செய்வதும் திட்டமிடல் ஆகாது. திறப்பு தள்ளிப்போன வருடத்தில் ஆடுதுறை 45 மாதிரி 110 நாள் ரகத்துக்கு மாற விதை கையிருப்பில் இருக்கிறதா என்று ஆவணியிலேயே வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வையுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதை நம் தாத்தாக்கள் செய்தார்கள், இப்போது துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பின் பாய்ச்சினால் போதும் என்று ஆராய்ச்சி நிலையங்களும் சொல்கின்றன. அப்படிப் பழகிய வயல்தான் முறை ஒத்திவைப்பைத் தாங்கும். நீர்க்கட்டிக்கு உங்கள் கூட்டத்தில் நாற்காலி போடுங்கள். ஓட்டுரிமைக்குச் சட்டம் திருந்த வேண்டும். நாற்காலிக்கு யாரும் திருந்தக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாகக் காசு. நீர்க்கட்டிகளின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். நானே மடைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போனவள்தான். அளக்கும் நெல்லை நம்பி இனி ஒருவரும் கரையில் இரவு விழிக்க மாட்டார். பாசனப் பருவம் நடக்கும் நான்கு மாதத்துக்காவது கண்மாய்க்கு ஒருவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். நூறு நாள் வேலைக் கூலி மாதிரி தினக்கூலியாக வேண்டாம். பொறுப்புக்குரிய சம்பளமாக, சங்கமும் துறையும் பாதிப்பாதி போட்டு.

ஒருபோகப் பகுதி முழுவதிலும் ஒரே ஆண்டில் செய்யச் சொல்லவில்லை. கள்ளந்திரிக்குக் கீழே ஏதாவது ஒரு கிளைக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் விருப்பமுள்ள கண்மாய்களை மட்டும் சேருங்கள். முதல் 45 நாளில் கை வைக்க வேண்டாம். முறை தொடங்கும் நாளிலிருந்து தொடங்கலாம். நோட்டின் பத்திகளை எப்படிக் கோடு போடுவது என்று ஒரு மாதிரி தயாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். எங்கள் கண்மாய்க்கு இப்போது நீர் பாய்ச்சுகிற தம்பியும் கூட வருவான். பேச இரண்டு பேருக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு நீர்க்கட்டியின் மகள்,
மேலூர் வட்டம்.